சென்னையில் கைதானவரைத் தேடுவது: தடம் அறுந்த இடத்திலிருந்து தொடங்குங்கள்

எழும்பூர் கோர்ட்டில் வக்கீல் ஒருவரிடம் குமாஸ்தாவாக இருக்கிறேன். வாரத்துக்கு இரண்டு குடும்பமாவது ஒரே கேள்வியோடு வந்து நிற்கும்: "அண்ணா, பையனைப் புடிச்சிட்டுப் போயிட்டாங்க, எங்க வச்சிருக்காங்கன்னே தெரியல." அதற்குள் கைபேசியில் பெயரைப் போட்டுத் தேடித் தேடிக் களைத்திருப்பார்கள்.

அமெரிக்காவில் பல கவுன்ட்டிகளில் சிறைக்கு வந்தவரின் பெயர், குற்றச்சாட்டு, ஜாமீன் தொகை எல்லாம் ஷெரிஃப் அலுவலகத் தளத்திலேயே கிடைக்கும். சில இடங்களில் படமும் இருக்கும். சென்னையில் அப்படி ஒரே இடத்தில் பெயரைத் தட்டி எடுக்க முடியாது. இங்கே பதிவு காவல் நிலையம், கோர்ட், சிறை என்று மூன்று இடங்களில் பிரிந்து கிடக்கிறது. மூன்றையும் சேர்க்கும் கயிறு இரண்டே விவரம்: எந்தக் காவல் நிலையம், என்ன குற்ற எண். எஃப்.ஐ.ஆர். எண்ணைத்தான் இங்கே குற்ற எண், கிரைம் நம்பர் என்பார்கள். எண்ணும் வருடமும் சேர்ந்ததுதான் அது. இந்த இரண்டும் கைக்கு வந்துவிட்டால் மீதியெல்லாம் பின்னாலேயே வரும். அதனால் பெயரை விட்டுவிட்டு எண்ணைத் துரத்துங்கள்.

கிளம்பும் முன் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: ஆதாரில் உள்ளபடி பெயர், அப்பா பெயர், வயது, முகவரி, கூட்டிப்போன இடம், மணி, பார்த்திருந்தால் வண்டி எண்.

ஆளை ஏற்றிக்கொண்டு போனார்கள், எந்த ஸ்டேஷன் என்று தெரியவில்லை

எல்லாரும் முதலில் வீட்டுக்குப் பக்கத்து ஸ்டேஷனுக்குப் போகிறார்கள். வழக்கு பதிவாவது பெரும்பாலும் சம்பவம் நடந்த இடத்து ஸ்டேஷனில். தகராறு திருவல்லிக்கேணியில் நடந்திருந்தால் டி-1, மயிலாப்பூரில் என்றால் இ-1. அங்கே போய்க் கேளுங்கள். ஒரே கட்டடத்தில் சட்டம் ஒழுங்குக்கு ஓர் இன்ஸ்பெக்டரும் குற்றப் பிரிவுக்கு ஓர் இன்ஸ்பெக்டரும் இருப்பார்கள். ஒரு பக்கம் "இல்லை" என்றால் இன்னொரு பக்கமும் கேட்காமல் வெளியே வராதீர்கள்.

அங்கேயும் இல்லையென்றால் விவகாரம் என்ன வகை என்று யோசியுங்கள். குடும்பத் தகராறு என்றால் அனைத்து மகளிர் காவல் நிலையம். விபத்தில் உயிர் போயிருந்தால் போக்குவரத்துப் புலனாய்வுப் பிரிவு. சீட்டுப் பணம், நில மோசடி, வேலை வாங்கித் தருகிறேன் என்ற மோசடி என்றால் மத்தியக் குற்றப் பிரிவு. சாராய வழக்கு என்றால் மதுவிலக்கு அமலாக்கப் பிரிவு. ரயிலிலோ நிலையத்திலோ பிடித்திருந்தால் ரயில்வே போலீஸ்.

அடுத்தது எல்லைக் குழப்பம். 2022-லிருந்து தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் தனித்தனி கமிஷனர் அலுவலகம் உண்டு. பள்ளிக்கரணை, செலையூர், குரோம்பேட்டை தாம்பரத்தோடு போயின. அம்பத்தூர், செங்குன்றம், பூந்தமல்லி ஆவடியோடு போயின. ஊர் வாயில் எல்லாம் சென்னைதான், பதிவேட்டில் அப்படி இல்லை.

இதெல்லாம் பார்க்கிற நேரத்திலேயே 100 அல்லது 112-க்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் போட்ட விதிப்படி, கைது செய்த 12 மணி நேரத்துக்குள் கைது விவரமும் வைத்திருக்கும் இடமும் கட்டுப்பாட்டு அறைக்குப் போக வேண்டும். அங்கே அறிவிப்புப் பலகையிலும் வைக்க வேண்டும். உடனே பதில் வராமல் போகலாம். ஆனால் இத்தனை மணிக்கு நீங்கள் கேட்டீர்கள் என்பதற்கு உங்கள் கைபேசியிலேயே சாட்சி இருக்கும். அந்த அழைப்புப் பட்டியலை அழிக்காதீர்கள்.

ஆளுக்கு 18 வயது ஆகவில்லை என்றால் வழியே வேறு. சிறுவனை லாக்கப்பிலும் வைக்கக்கூடாது, சிறைக்கும் அனுப்பக்கூடாது. இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் கொண்டுபோவார்கள், வைத்தால் கூர்நோக்கு இல்லத்தில்தான் வைப்பார்கள். பெயரை எந்தத் தளத்திலும் தேடாதீர்கள். இருக்கக்கூடாது என்பதே சட்டம். பிறப்புச் சான்றிதழையோ பள்ளிச் சான்றிதழையோ எடுத்துக்கொண்டு நேராக ஸ்டேஷனுக்குப் போங்கள், வழியிலேயே குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்கும் சொல்லிவிடுங்கள்.

"அப்படி யாரும் இங்கே இல்லை" என்கிறார்கள்

குடும்பங்கள் அதிகம் உடைந்துபோவது இந்த இடத்தில்தான். பயப்படுவதற்கு முன் சின்னக் காரணங்களைக் கழித்துவிடுங்கள்.

வாசலில் பாரா நிற்பவருக்கு உள்ளே யார் இருக்கிறார்கள் என்று எல்லாம் தெரியாது. ஸ்டேஷன் ரைட்டரைக் கேளுங்கள். எழுத்து வேலை முழுக்க அவர் கையில்தான் இருக்கும்.

பெயர் பொருந்தாமல் போவது அதைவிட அதிகம். காசிமேட்டுப் பக்கத்திலிருந்து வந்த ஓர் அம்மா, காலையிலிருந்து மத்தியானம் வரை ஒரு ஸ்டேஷன் வாசலில் நின்றுவிட்டு என்னிடம் வந்தார். மீன் கூடைச் சும்மாடுகூட இன்னும் கையில் இருந்தது. மகனை வீட்டில் கூப்பிடுகிற பெயரைத்தான் வாசலில் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறார். கூடவே போய் ரைட்டரிடம் அப்பா பெயரையும் தெருப் பெயரையும் சொன்னேன். அவர் பதிவேட்டில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்து, நாலாவது வரியில் நிறுத்தினார். ஆதாரில் உள்ள பெயர் அது. அந்த அம்மா அந்தப் பெயரை உச்சரித்தே பல வருடம் ஆகியிருக்கும். மகன் பின்னறையில்தான் இருந்தான். அன்றிலிருந்து நான் பெயரோடு அப்பா பெயரையும் சேர்த்துத்தான் கேட்கிறேன்.

அடுத்த காரணம், ஆள் நிஜமாகவே அப்போது ஸ்டேஷனில் இல்லாமல் இருப்பது. கோர்ட்டுக்குக் கொண்டுபோகும் முன் அரசு மருத்துவமனையில் உடல் பரிசோதனை உண்டு. அதற்குப் போயிருக்கலாம், அல்லது கோர்ட்டுக்கே கிளம்பியிருக்கலாம். மாலை நேரம் என்றால் ஸ்டேஷனில் காத்திருப்பதைவிட ஓர் ஆளைக் கோர்ட்டுக்கு அனுப்புவது மேல். ஞாயிறு, பண்டிகை நாட்களில் பொறுப்பு நடுவரின் வீட்டுக்கே கொண்டுபோய் ரிமாண்ட், அதாவது காவலில் வைக்கும் உத்தரவு, வாங்குவதும் உண்டு.

மூன்றாவது, "விசாரணைக்குத்தான் கூட்டி வந்தோம், கைது இல்லை" என்ற பதில். விசாரணைக்கு வரச்சொல்வதற்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 35(3) பிரிவில் எழுத்து மூல நோட்டீஸ் உண்டு. நோட்டீஸ் இருக்கிறதா என்று மரியாதையாகக் கேளுங்கள். 2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதில் இந்தச் சட்டம்தான் நடைமுறையில் இருக்கிறது. அதில் உங்களுக்குப் பயன்படும் மற்ற பிரிவு எண்கள் இவை. கைதுக் குறிப்பாணையில் குடும்பத்தார் ஒருவரோ அந்த வட்டாரத்து மரியாதைக்குரியவர் ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது 36. கைதானவர்களின் பெயர், முகவரி, குற்றத்தின் தன்மை ஒவ்வொரு ஸ்டேஷனிலும் பார்வைக்கு வைக்கப்பட வேண்டும், அதற்கென்று ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்பது 37. உறவினருக்குத் தகவல் சொல்லி, சொன்னதைப் பதிவேட்டில் எழுத வேண்டும் என்பது 48. "முப்பத்தேழாவது பிரிவுப் பலகை எங்கே இருக்கு சார்?" என்று அமைதியாகக் கேட்டாலே பேச்சின் தொனி மாறுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

கடைசிக் காரணம்தான் கனமானது: ஆளை வைத்துக்கொண்டே கணக்கில் காட்டாமல் இருப்பது. பிடித்த 24 மணி நேரத்துக்குள், பயண நேரம் போக, நடுவர் முன் நிறுத்தியாக வேண்டும். அரசியலமைப்பின் 22-வது பிரிவே அப்படிச் சொல்கிறது. அந்த நேரத்தைக் கணக்கிட, ஆளைக் கூட்டிப்போன மணி எழுத்தில் இருக்க வேண்டும். முன்பெல்லாம் குடும்பத்தார் தபால் ஆபீசுக்கு ஓடி கமிஷனருக்கும் முதலமைச்சருக்கும் தந்தி கொடுப்பார்கள். தந்தியில் விழுந்த மணிதான் கோர்ட்டில் பேசும். 2013 ஜூலையில் தந்திச் சேவை நின்றுபோனது. இப்போது அந்த வேலையை மின்னஞ்சல் செய்கிறது. இன்னாரை, இத்தனை மணிக்கு, இந்த இடத்தில், இத்தனை பேர் கூட்டிப்போனார்கள், இந்த ஸ்டேஷனில் கேட்டோம், இல்லை என்றார்கள். நாலு வரி போதும். கமிஷனருக்கும் மாநில மனித உரிமை ஆணையத்துக்கும் அனுப்பிவிடுங்கள்.

*வக்கீலிடம் போக வேண்டிய கட்டம்:* இரண்டு ஸ்டேஷன், கட்டுப்பாட்டு அறை மூன்றிலும் இல்லை என்று பதில் வந்த உடனே. 24 மணி நேரம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். ஆளைக் கோர்ட் முன் நிறுத்தச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போட வக்கீலுக்குத் தயாரிப்பு நேரம் வேண்டும். கையில் காசு இல்லையென்றால் 15100-ஐக் கூப்பிடுங்கள், இலவசச் சட்ட உதவி எண் அது. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பு பார்க்காமலே வக்கீல் தர வேண்டும்.

ஸ்டேஷன் தெரியும், ஆனால் எஃப்.ஐ.ஆர். இணையத்தில் வரவில்லை

தமிழ்நாடு காவல்துறையின் மின்சேவைத் தளத்தில் எஃப்.ஐ.ஆர். பார்க்கும் பகுதி இருக்கிறது. மாவட்டம், ஸ்டேஷன், வருடம், எண் கொடுக்க வேண்டும்.

கையில் இருக்கும் எண் சி.எஸ்.ஆர். எண்ணா என்று முதலில் பாருங்கள். புகார் கொடுத்ததும் தரும் ரசீதுதான் சி.எஸ்.ஆர். அதில் வழக்கு இன்னும் பதிவாகவில்லை. அந்த எண்ணை எஃப்.ஐ.ஆர். இடத்தில் போட்டால் ஒன்றும் வராது, அல்லது சம்பந்தமே இல்லாத வேறொரு வழக்கு வந்து நிற்கும். பத்தில் மூன்று தடவை இதுதான் பிழை. அதற்கடுத்து மாவட்டப் பட்டியல். மேலே சொன்ன தாம்பரம், ஆவடி விவகாரம் இங்கேயும் வரும். வருடமும் தவறலாம். டிசம்பர் கடைசியில் நடந்த சம்பவத்துக்கு ஜனவரியில் வழக்குப் பதிந்திருந்தால் எண் புது வருடத்தில் விழும்.

இவையெல்லாம் சரி என்றால் நேரத்தைப் பாருங்கள். 2016-ல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுப்படி பதிவான 24 மணி நேரத்துக்குள் ஏற்ற வேண்டும். இணைப்புக் கோளாறு இருந்தால் 48, எட்டாத ஊர் என்றால் அதிகபட்சம் 72. மூன்று நாள் ஆகியும் வரவில்லையென்றால், அது ஏற்றக்கூடாத வகையாக இருக்கலாம். பாலியல் குற்றம், போக்சோ, பயங்கரவாதம் போன்ற வழக்குகளின் எஃப்.ஐ.ஆர். தளத்தில் வராது. டி.எஸ்.பி. மட்டத்துக்குக் குறையாத அதிகாரிதான் அதைத் தீர்மானிக்கலாம்.

அப்போது தளத்தை விட்டுவிட்டுக் காகிதத்துக்கு வாருங்கள். குற்றம்சாட்டப்பட்டவரோ அவர் சார்பில் ஒருவரோ ஸ்டேஷனில் மனு கொடுத்தால் 24 மணி நேரத்துக்குள் சான்றிட்ட நகல் தர வேண்டும். கோர்ட்டில் கேட்டால் இரண்டு வேலை நாள். "சென்சிட்டிவ் கேஸ், தர முடியாது" என்றால் கமிஷனரிடம் முறையிடலாம், மூன்று அதிகாரிகள் குழு மூன்று நாளில் முடிவு சொல்ல வேண்டும். நடைமுறையில் கோர்ட் நகல்தான் வேகமாக வரும். குமாஸ்தா யாரையாவது கேட்டால் ஒரே தாளில் மனு எழுதிக் கொடுத்துவிடுவார். இதற்கு வக்கீல் அவசியமே இல்லை.

இ-கோர்ட்ஸில் பெயர் போட்டால் ஒன்றும் இல்லை

கோர்ட் வழக்குகளைத் தேடும் இ-கோர்ட்ஸ் தளமும் செயலியும் இலவசம். ஆனால் ரிமாண்ட் ஆன மறுநாளே பெயர் அதில் வந்துவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். குற்றப்பத்திரிகை கோப்புக்கு எடுக்கப்பட்ட பிறகுதான் வழக்கு எண் விழும். குற்றப்பத்திரிகைக்குப் போலீசார் கவனிக்கும் கெடு 60 நாள், பெரிய குற்றங்களுக்கு 90 நாள். காரணம், ஆள் காவலில் இருக்கையில் அதைத் தாண்டினால் ஜாமீன் கேட்கும் உரிமை வந்துவிடும். எனவே ஆரம்ப வாரங்களில் வழக்கைத் தேடாதீர்கள், ஜாமீன் மனுவைத் தேடுங்கள். ஜாமீன் மனு போட்டிருந்தால் பெயர் முதலில் அங்கேதான் தலைகாட்டும். நடுவர் கோர்ட்டில் தள்ளுபடியானால் முதன்மை அமர்வு நீதிமன்றம், அங்கும் ஆகவில்லையென்றால் உயர் நீதிமன்றம். உயர் நீதிமன்றத்துக்குத் தேடும் பக்கம் தனி.

அப்புறம் எழுத்து. மூர்த்தி என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். நடுவில் இரண்டு ஓ போடுவார்கள், அல்லது ஒரு யு. டி-க்குப் பிறகு ஹெச் சிலர் போடுவார்கள், சிலர் விடுவார்கள். முடிவில் ஒய் அல்லது ஐ. இன்ஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதும் தெரியாது. அதனால் முழுப் பெயரைப் போடாமல் மாறாத முதல் சில எழுத்தை மட்டும் போடுங்கள். அதைவிட நல்லது எஃப்.ஐ.ஆர். எண் வழித் தேடல்: ஸ்டேஷன், எண், வருடம் கொடுத்தால் எழுத்துப் பிரச்சினையே இல்லை. நிலுவை, முடிந்தவை இரண்டும் சேர்ந்த தேர்வை வையுங்கள்.

வளாகமும் முக்கியம். எழும்பூர், சைதாப்பேட்டை, ஜார்ஜ் டவுன் மூன்றையும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். தாம்பரம் கோர்ட் செங்கல்பட்டு மாவட்டத்தின் கீழும், பூந்தமல்லி கோர்ட் திருவள்ளூர் மாவட்டத்தின் கீழும் இருக்கும்.

ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் அந்த வழக்குக்கே உரிய சி.என்.ஆர். எண்ணை எழுதி வைத்துக்கொள்ளுங்கள், 16 எழுத்து. அதன்பிறகு வேறெதையும் தட்ட வேண்டியதில்லை.

ரிமாண்ட் ஆகிவிட்டது, எந்தச் சிறை என்று தெரியவில்லை

ஆண் என்றால் புழல் இரண்டாவது சிறை, விசாரணைக் கைதிகளுக்கானது. முதலாவது சிறை தண்டனைக் கைதிகளுக்கு. பெண் என்றால் அதே வளாகத்தில் மகளிர் தனிச்சிறை. ஊரில் பெரியவர்கள் இன்னும் "சென்ட்ரல் ஜெயில்" என்பார்கள். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கத்தில் இருந்த அந்தப் பழைய சிறை 2006-ல் புழலுக்கு மாறி, பின்பு இடிக்கப்பட்டும் விட்டது. அங்கே போய் நிற்காதீர்கள். சைதாப்பேட்டையில் கிளைச்சிறை ஒன்று உண்டு.

ரிமாண்ட் உத்தரவிலேயே சிறையின் பெயர் இருக்கும். அழைத்துப்போன போலீசாரிடமோ கோர்ட் பெஞ்ச் கிளார்க்கிடமோ கேட்டாலே தெரியும். அன்றே ராத்திரி புழல் வாசலுக்கு ஓடிப் பிரயோஜனமில்லை. லாக்கப் அடைத்த பிறகு உள்ளே பதிவு நடக்கும், மறுநாள்தான் மனு பார்க்க முடியும். ஜெயிலில் பார்ப்பதற்கு "மனு போடுவது" என்றுதான் பேச்சு. உங்கள் ஆதாரை எடுத்துப் போங்கள். தேசிய சிறைத் தகவல் தளத்தில் இ-முலாகாத் வழியாக முன்பதிவும் செய்யலாம். கைதியின் பெயரும் அப்பா பெயரும் சிறைப் பதிவில் உள்ளபடியே இருக்க வேண்டும், இல்லையென்றால் நிராகரித்துவிடும். மறுபடியும் அதே கதை: எஃப்.ஐ.ஆரில் எழுதிய பெயரைத்தான் சிறையிலும் எழுதியிருப்பார்கள்.

சிறையிலும் இல்லையென்றால் மருத்துவமனை. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் கைதிகள் வார்டு இருக்கிறது. போலீஸ் கஸ்டடிக்குத் திரும்ப எடுத்திருக்கவும் வாய்ப்புண்டு. அதற்கும் கோர்ட் உத்தரவு வேண்டும், வக்கீல் பார்த்துச் சொல்வார். ஒரே தடவையில் ரிமாண்ட் 15 நாளுக்கு மேல் போகாது என்பதால் நீட்டிப்புத் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நாளில் ஆள் எங்கிருக்கிறார் என்பது கோர்ட் பதிவில் வந்தாக வேண்டும். இப்போது நிறைய நீட்டிப்பு காணொலியிலேயே முடிந்துவிடுகிறது, கோர்ட் வாசலில் காத்திருந்து ஏமாற வேண்டாம்.

ஜாமீன் கிடைத்தது, ஆள் வெளியே வரவில்லை

பெரும்பாலும் ஜாமீன்தாரர் காகிதத்தில்தான் சிக்கியிருக்கும். பத்திரம் ஏற்கப்பட்டு, விடுதலை உத்தரவு சிறைக்குப் போய்ச் சேர வேண்டும். சாயங்காலம் லாக்கப்புக்குள் சேராவிட்டால் மறுநாள்தான். 2023 ஜனவரி 31-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி ஜாமீன் உத்தரவின் மின்நகல் அன்றோ மறுநாளோ சிறைக் கண்காணிப்பாளர் வழியாகக் கைதிக்குப் போக வேண்டும். ஏழு நாளில் வெளியே வராவிட்டால், கண்காணிப்பாளர் மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும். ஜாமீன்தாரர் கிடைக்காமல் ஒரு மாதம் ஆகிவிட்டால் நிபந்தனையைத் தளர்த்துவதை கோர்ட் தானாகவே பரிசீலிக்கலாம். ஏழைக் குடும்பங்கள் இது தெரியாமலே மாதக்கணக்கில் அலைகின்றன. தயவுசெய்து சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் போய்க் கேளுங்கள்.

ஜாமீன்தாரர் சரி என்றால், வேறு வழக்கில் பி.டி. வாரண்ட், அதாவது சிறையில் இருப்பவரை அந்த வழக்குக்காகக் கோர்ட்டில் நிறுத்தச் சொல்லும் உத்தரவு, இருக்கிறதா என்று கேளுங்கள். இன்னொரு ஸ்டேஷன் கேட்டிருந்தால் ஒரு வழக்கில் ஜாமீன் வாங்கியும் பலன் இல்லை.

மூன்றாவது, குண்டாஸ் என்கிற குண்டர் தடுப்புச் சட்டம். 1982-ஆம் வருடத்து 14-வது சட்டம். சென்னையில் கமிஷனர் உத்தரவு போடுவார், 12 மாதம் வரை வைக்கலாம். இது தடுப்புக் காவல், வழக்கு அல்ல. அதனால் இ-கோர்ட்ஸில் எவ்வளவு தேடினாலும் வராது. காரணங்களை ஐந்து நாளுக்குள் கைதிக்குக் கொடுக்க வேண்டும். கட்டாக வரும் அந்தக் காகிதத்தை மனு பார்க்கும்போது கேட்டு, முதல் பக்கத்திலிருக்கும் உத்தரவு எண்ணையும் தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள். இங்கே சொந்த முயற்சியை நிறுத்திவிடுங்கள். தடுப்புக் காவலைப் பரிசீலிக்கும் அறிவுரைக் கழகம், உயர் நீதிமன்ற ஆட்கொணர்வு மனு இரண்டுமே பழகிய வக்கீலின் வேலை, நாள் தவறினால் நஷ்டம் பெரியது.

தேடினால் பெயர் வருகிறது, ஆனால் இவர்தானா?

வாடகைக்கு விட, வேலைக்கு எடுக்க, சம்பந்தம் பேச என்று தேடுகிறவர்களுக்கு வரும் சந்தேகம் இது. ஊரில் ஒரே பெயர், ஒரே இன்ஷியலில் ஆயிரம் பேர். அப்பா பெயர், வயது, முகவரி மூன்றும் எஃப்.ஐ.ஆரில் ஒத்துப்போகாமல் முடிவுக்கு வராதீர்கள். அப்படியே ஒத்துப்போனாலும் எஃப்.ஐ.ஆர். என்பது புகார்தான். வழக்கு எப்படி முடிந்தது என்று இ-கோர்ட்ஸில் கடைசி உத்தரவு வரை பாருங்கள். விடுதலையானவரின் பழைய எஃப்.ஐ.ஆரை வாட்ஸப்பில் சுற்றவிட்டு ஒரு பெண்ணின் கல்யாணம் நின்றதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், அதை இன்னும் மறக்க முடியவில்லை. வாடகைக்காரரையோ வேலையாளையோ முறையாகச் சரிபார்க்கக் காவல்துறையின் மின்சேவைத் தளத்திலேயே கட்டணச் சேவை இருக்கிறது. அதைப் பயன்படுத்துங்கள்.

"உங்கள் மகன் கைது, பணம் அனுப்புங்கள்" என்று போன் வந்தது

போனை வையுங்கள். மகனைக் கூப்பிடுங்கள். எடுக்கவில்லையென்றால் அவன் நண்பனை, அலுவலகத்தைக் கூப்பிடுங்கள். வீடியோ காலில் காக்கிச் சட்டை தெரிந்தாலும் சரி, "டிஜிட்டல் அரெஸ்ட்" என்று ஒன்று எந்தச் சட்டத்திலும் கிடையாது. பேசுபவரிடம் ஸ்டேஷன் பெயரும் குற்ற எண்ணும் கேளுங்கள். சொன்னால் அந்த ஸ்டேஷனுக்கு நேரில் போய்ச் சரிபாருங்கள், அவர் கொடுத்த எண்ணில் திருப்பிக் கூப்பிடாதீர்கள். பணம் ஏற்கெனவே போய்விட்டது என்றால் அந்த நிமிடமே இணையப் பண மோசடி உதவி எண்ணான 1930-ஐக் கூப்பிடுங்கள். பிறகு வங்கிக்கு. எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அந்த அளவுக்குப் பணத்தை வழியிலேயே நிறுத்த வாய்ப்பு இருக்கிறது.